துளை எண் ஏழு

பெரும்பாக்கம். காலை ஆறரை.
முக்காலி நட்டுக் கப்பி மாட்டி
அறுபத்து மூன்றரைக் கிலோ சுத்தியலை
எட்டியப்பன் தூக்கித் தூக்கி விடுகிறார்.
நான் எண்ணுகிறேன்.
அடி எண்ணத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் ஒன்றரை மீட்டர் நம்முடையது:
செங்கல் துண்டு, குளியலறை ஓடு,
தேதி இன்னும் அழியாத ஒரு பால் பாக்கெட்.
நடுவில் நகக்கனத்துக்குச் சாம்பல் வண்டல்.
அந்த டிசம்பர்.
மூன்று நாள் மொட்டைமாடியில் கிடந்தோம்;
மண்ணுக்கு அது ஒரு கோடு.

இரண்டரைக்குக் கீழே சுத்தியலுக்கு வேலையில்லை.
வைத்ததும் தன் பாரத்திலேயே
குழாய் இறங்கிக்கொண்டே போனது,
கீழிருந்து யாரோ வாங்கிக்கொள்வதுபோல.
"எத்தனைங்க?"
"ஜீரோ."
கறுங்களி. அழுகிய முட்டை வாடை.
சுக்ராம் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான்;
அவன் ஊர் மண் சிவப்பாம், நாறாதாம்.

ஐந்தரையில் சிப்பி.
இரண்டு மூடியும் சேர்ந்தே இருந்தன:
அலை புரட்டிக் கொண்டுவந்ததல்ல,
இங்கேயே வளர்ந்து
இங்கேயே வாய்மூடியது.
ஏழில் கண்டல் வேர், நார் நாராக.
பத்தில் பழுப்பு மணல், பருக்கைக் கற்கள்.
கடல் வருமுன் ஓர் ஆறு
இந்த வழியே கிழக்கே போயிருக்கிறது;
கரை அப்போது எங்கோ தொலைவில்.
எத்தனை ஆயிரம் ஆண்டென்று சோதித்துப் பார்க்க
எந்த பில்டரும் பணம் தரமாட்டார்.

படிவத்தில் 'விவரம்' கட்டம் இரண்டு விரல் அகலம்.
'கறுங்களி, சிப்பியுடன், மிக மென்மை.'
கடல் வந்தது, நெடுநாள் தங்கியது, திரும்பிப் போனது
என்றெழுத இடமில்லை.

உச்சி வெயிலில் ஸ்கூட்டரில் ஒரு தம்பதி.
மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை,
முன்பணம் கட்டியாயிற்று.
அந்தப் பெண் கேட்டாள்:
"பீச் இங்கேருந்து எவ்வளவு தூரம்?"
எட்டியப்பன் என்னைப் பார்த்தார்.
ஐந்தரை மீட்டர் என்று நாக்கு நுனிவரை வந்தது.
"வண்டியில இருபது நிமிஷம்" என்றேன்.
அதுவும் பொய்யில்லை.

பதினான்கில் பாறை. நல்ல பாறை.
அதுவரை பைல் இறக்கினால் கட்டடம் நிற்கும்.
அதையும் எழுதினேன்.

நீர்மட்டம் பார்க்க ஒருநாள் விடவேண்டும், விதி.
மறுநாள் டேப்பைப் பிரிக்கும் முன்பே தெரிந்தது:
முழங்கை ஆழத்தில் தண்ணீர்,
வானத்தின் ஒரு வட்டத்தோடு.
எட்டியப்பன் விரலை விட்டு நாக்கில் வைத்தார்,
துப்பினார்.
"உப்பு."

நாற்பத்தைந்து சென்டிமீட்டர்
என்று எழுதினேன்.