மூன்றாவது வளைவு

தக்கலையில் என் பட்டறை மேசையில் இரண்டு சாமான்.
ஒன்று, ஆரல்வாய்மொழி ஆக்கர் கடையில்
எடைக்கு எடுத்த டர்போ.
நத்தை மாதிரி சுருண்டிருக்கும், உள்ளே கரி.
மற்றது கொச்சியிலிருந்து பஸ்ஸில் வந்த சூப்பர்சார்ஜர்,
ஏதோ ஜப்பான் வண்டியின் வயிற்றிலிருந்து அறுத்தது.
குக்கர் அளவுகூட இல்லை,
தூக்கினால் தோள் இறங்குகிறது.

டெல்பினின் காருக்கு எது?
மூன்று சிலிண்டர், எண்ணூறு சிசி,
வெள்ளை என்று ஆர்.சி. புத்தகம் மட்டும் சொல்லும் நிறம்.
பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் நைட்ரஜன் கேன்.
அதற்குள் உறைந்த காளைகள்,
ஸ்ட்ராவுக்கு ஒன்றாக.
எந்த மலை வீட்டில் பசு கத்தினாலும்
அவள் ஏறிப் போகவேண்டும்.

நான் டர்போ கட்சி.
வெளியே போகிற வீண்புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும்,
அந்தச் சுற்று புதுக்காற்றை உள்ளே திணிக்கும்.
எறிந்த சோற்றை உண்டு உழைக்கிற சாமான்.
சூப்பர்சார்ஜர் அப்படியல்ல,
கிராங்கில் பெல்ட் மாட்டி
எஞ்சினிடமே முன்பணம் வாங்கிக்கொண்டுதான் ஊதும்.
"நம்ம சோத்தத் தின்னுட்டு வேலைக்கு வருதவனாக்கும் அவன்" என்றேன்.
"கூப்பிட்ட உடனே வருவானா?"
"உடனே."
"மத்தவன்?"
"கொஞ்சம் பிந்துவான்."
"கொஞ்சமுன்னா?"
அதற்கு எண் சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை ராத்திரி போன்.
மணலோடைக்கு மேலே லீலாபாய் வீட்டுப் பசு
விடியலிலிருந்து கத்துதாம்.
"வாரும், ஏத்தத்த நீரே கேட்டுப் பாரும்."

குலசேகரம் தாண்டியதும் மழை.
ரப்பர் மரங்களின் சிரட்டைகள்
வெளிச்சத்தில் வந்து வந்து போயின.
முதல் வளைவு சரி.
இரண்டாவதில் முனகல்.
மூன்றாவதில் எதிரே ஜீப், பிரேக்.
மறுபடி எடுத்தபோது ஆயிரத்தைந்நூறு சுற்று
என்றது என் காது.
அந்த இடத்தில் டர்போ உறங்கிக்கொண்டிருக்கும்.
எழுப்பப் புகை போதாது.
அது எழும்பி முகம் கழுவி வருவதற்குள்
வண்டி பின்னால் உருண்டிருக்கும்,
உருண்டது.
நான் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.
என் கட்சியும் அந்தக் கல்லோடு அங்கேயே நின்றுவிட்டது.

மேலே போனபோது பசு அடங்கியிருந்தது.
அசைபோட்டபடி எங்களைப் பார்த்தது,
போன பஸ்ஸை விசாரிக்கிறவர்களைப் பார்ப்பதுபோல.
டெல்பின் தோள்வரை கையுறை இழுத்துப் பார்த்தாள்,
நான் டார்ச் பிடித்தேன்.
"கழிஞ்சு போச்சு."
லீலாபாய் ஒன்றும் சொல்லவில்லை,
கட்டன்சாயா தந்தாள்.
இனி எப்போ என்று கேட்டது நான்தான்.
"இருவத்தொண்ணு நாளு."

இறங்கும்போது கையுறைப் பெட்டியின் பின்பக்கம் கணக்கு.
பெல்ட் தின்பதில்
லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் குறையும்.
மாதம் இவ்வளவு.
பிந்திப்போன பசு ஒன்று,
இருபத்தொரு நாள் தவிடு, புண்ணாக்கு, புல்லுக்கட்டு,
இருபத்தொரு நாள் தள்ளிப்போகிற பால்.
கூட்டி முடிக்குமுன் குலசேகரம் வந்துவிட்டது.
கூட்டவும் வேண்டியிருக்கவில்லை.

மாட்ட ஒன்பது நாள்.
தடித்த கேஸ்கெட் போட்டோம்.
பிராக்கெட்டை லேத்தில் இரண்டு தடவை கடைந்தேன்,
அரை மில்லி கோணினாலும் பெல்ட் அழும்.
ஆர்.டி.ஓ. ஆபீசில் என்ன செல்ல என்றாள்.
அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

இப்போது அந்தக் கூவல்
மூன்றாவது வளைவிலேயே மேலே கேட்குமாம்.
அதைக் கேட்டுத்தான் லீலாபாய்
ஸ்ட்ரா முக்க வெந்நீர் வைக்கிறாள்.

டர்போவை விற்கவில்லை.
சில மதியம் வாயால் ஊதிப் பார்ப்பேன்.
முதலில் ஒன்றும் நடக்காது.
பிறகு அசையும், சுற்றும்,
நான் மூச்சை நிறுத்திய பிறகும் சுற்றும்.
எவ்வளவு நேரம் நிக்கும் அண்ணே என்றான் பட்டறைப் பையன் அஜின்.
கொஞ்சம் என்றேன்.