திங்கட்கிழமை

கதவைத் திறந்து வெளிக்கிட்டது
ஞாயிறு விடிய நாலரைக்கு.
அதற்குத் துணிவு வேணும் என்கிறார்கள்.
செருப்பைக் கையில் எடுக்கத் தெரிந்தால் போதும்.
நாய்க்கு என்னைத் தெரியும், குரைக்கவில்லை.

திங்கட்கிழமையைப் பற்றித்தான்
ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

குருநகரில், றெஜினாவின் தையல்கடைக்குப் பின்னால்
வெட்டுத்துணி மூட்டைகளுக்கு நடுவில்
இயலினி இன்னும் நித்திரை.
பையைக் கொட்டிப் பார்க்கிறேன்.
மடிப்பில் கிழியத் தொடங்கிய பிறப்புப் பத்திரம்,
கிளினிக் கொப்பி, என் அடையாள அட்டை,
மூன்று சட்டை, ஒற்றைக் காலுக்கு ஒரு சொக்ஸ்,
ஏனென்று தெரியாமல் அந்த வீட்டுத் திறப்பு.
அவளுக்கு இழுப்பு வந்தால் அடிக்கிற பம்ப்
ஃபிரிட்ஜுக்கு மேலே நிற்கிறது.
ஆறு மாதமாய் யோசித்தவள்
அதை மறந்தேன்.

ஆஸ்பத்திரி வீதியில் பார்மசிக்காரன் துண்டு கேட்டான்.
கொப்பியின் பதினேழாம் பக்கத்தை விரித்தேன்.
வாசித்தான், என்னைப் பார்த்தான், எடுத்துத் தந்தான்.
எட்டேகால். ஒரு வேலை முடிந்தது.

பிறகு சிம்.
புது நம்பரை எட்டுப் பேருக்குக் கொடுக்க நினைத்து
மூன்று பேருக்குக் கொடுத்தேன்.
அம்மாவுக்கு இல்லை.
அம்மா நல்லவ. அவர் அழுது கேட்டால்
சொல்லிப்போடுவா.

வங்கியின் குறுஞ்செய்தி இன்னும் அவருடைய போனுக்குத்தான்.
அதை மாற்ற ஒரு படிவம்,
படிவத்துக்கு விலாசம்,
விலாசத்துக்கு விதானையார்,
விதானையாருக்கு ஒரு கதை.
மினிபஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
அந்தக் கதையைப் பாடமாக்கினேன்,
சுருக்கமாய், மூக்குச் சிந்தாமல்.

சட்ட உதவிக் கந்தோரில் இருந்த பிள்ளை
என்னைவிட இளையவள்.
"திகதி சொல்லுங்கோ அக்கா" என்றாள்.
நல்லூர் கொடியேறின அண்டைக்கு.
பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் கண்ட கிழமை.
கரண்டு இல்லாத ஒரு இரவு, மழை.
எனக்குத் திகதிகள் இப்படித்தான் வரும்.
அவள் கலண்டரைப் புரட்டிப் புரட்டி
ஒவ்வொன்றையும் இலக்கமாக்கினாள்.

கோண்டாவிலில் எனக்குச் சீதனமாய் எழுதிய
இரண்டு பரப்புக் காணியைச் சொன்னேன்.
விற்கவும் ஈடு வைக்கவும்
அவருடைய கையெழுத்தும் வேணுமாம்.
உறுதியில் என் பெயர் இருக்கிறது,
பேனை அவரிடம் இருக்கிறது.
"அது பிறகு. முதல் தாபரிப்பு வழக்கு."
"முதல்" என்றதன் கீழ் இரண்டு கோடு அடித்தாள்.

இப்படியே திங்கட்கிழமை
நாலு நாள் நீண்டது.

கொடி பதினொரு பவுண்,
கலியாண வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.
கஸ்தூரியார் வீதித் தராசில் ஒன்பதரை.
அப்பா சொன்ன பொய்யோ,
இவர் கழற்றின கண்ணிகளோ,
விசாரிக்க நேரமில்லை.
காசை இரண்டு தரம் எண்ணினேன்.

கொக்குவிலில் ஒரு அறை, பின்பக்க வாசல்.
"அவர் எங்க வேலை?"
கொழும்பில் என்று வாய்வரை வந்ததை விழுங்கி
"பிரிஞ்சிட்டம்" என்றேன்.
வீட்டுக்கார மாஸ்டர் தலையாட்டினார், இரக்கப்பட்டார்,
ஒரு மாத அட்வான்சை மூன்றாக்கினார்.

நாளைக்கு முன்பள்ளி.
பிள்ளையை யார் வந்தால் விடலாம் என்று
எழுதிக் கொடுக்க வேணும்.
நான். றெஜினா.
மூன்றாவது கோட்டை வெறுமையாய் விட்டால்
யாரும் நிரப்பிவிடுவார்கள்.
குறுக்கே கீறினேன்.

பாயில் கிடந்தபடி இயலினி கேட்டாள்:
"லைற்ற நூரேல்லையோ? அப்பா ஏசுவார்."
"இஞ்ச கரண்டுக் காசு நான்தான் கட்டுறன்."
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
எழும்பிப் போய்
கவிட்ட வாளியில் ஏறி நின்று
நூர்த்தாள். போட்டாள்.
நூர்த்தாள். போட்டாள்.
மாஸ்டர் வீட்டு யன்னல் திறந்தது.
பார்க்கட்டும்.