ஒரு விரற்கடை

மேட்டில் பாதியை நாங்கள் வருமுன்பே விற்றுவிட்டார்கள்.
லோடு நானூறு ரூபாய்.
காளவாயில் வெந்து நீறாகி
கடலூர் முதுநகரில் யார் வீட்டுச் சுவரிலோ
ஆயிரத்தெட்டு நூறு வருஷத்துச் சாப்பாடு
வெள்ளையாய்க் காய்கிறது.

மிச்சப் பாதி எங்களுக்கு.
உப்பனாற்றுக்குக் கிழக்கே, சவுக்குத் தோப்புக்குப் பின்னால்,
இரண்டு மீட்டர் சதுரக் குழி, கிழிந்த தார்ப்பாய், மூன்று சல்லடை,
தினக்கூலியில் பதினொரு பேர்.

என் வேலை எண்ணுவது.
மட்டி. ஆளி. ஊமச்சி. மடவை முள்.
கெளுத்தித் தலைக்குள்ளிருக்கும் காதுக்கல்:
குறுக்கே அறுத்தால் வளையம் தெரியும்,
எந்தப் பருவத்தில் பிடிபட்டதென்று சொல்லிவிடும்.
தின்றவர்கள் எந்தப் பருவத்தில் செத்தார்கள் என்பதற்கு
அப்படி ஒரு கல் இல்லை.

ஒன்பதாம் நாள் சிப்பி நின்றுபோனது.
வெறும் மணல்.
அடியில் பரல், மேலே வர வரப் பொடி,
சலித்துச் சலித்துக் கீழே வைத்த மாதிரி.
அஞ்சலாட்சி கரண்டியைக் கீழே போட்டாள்.
யாரும் யாரையும் கூப்பிடவில்லை,
பதினொரு பேரும் குழியின் விளிம்பில் நின்றார்கள்.
செங்கேணி இறங்கிக் கையை விரித்து வைத்தார்.
ஒரு சாண்.
"எங்க தெருவுல முழங்கால் மட்டும் கெடந்துச்சு" என்றார்.
நான் நாடாவை நீட்டினேன். இருபத்தொரு சென்டிமீட்டர்.
எதையாவது செய்யவேண்டியிருந்தது.

மணலுக்கு நேர் மேலே, ஒரு விரற்கடை அடுக்கு.
அடுப்புக்கரி உண்டு, பானை ஓடு உண்டு,
வயல் நத்தை, உடும்பெலும்பு, சுட்ட பனங்கொட்டை உண்டு.
மீன் இல்லை.
மூன்று தடவை சலித்தேன். ஒரு முள் இல்லை.
வலைக்குண்டு மட்டும் பதினான்கு
ஒரு சட்டிக்குள், எடுத்து வைத்தாற்போல.

நோட்டில் எழுதினேன்:
படகுகள் அழிந்திருக்கலாம். மீன்வரத்து குறைந்திருக்கலாம்.
'இருக்கலாம்' இல்லாமல் எங்கள் தொழிலில் உலை கொதிக்காது.

அஞ்சலாட்சி தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள்.
"வரத்தெல்லாம் இருந்திருக்கும் சார்.
அந்தத் தையில மீனு கொழுத்துக் கெடந்துச்சு. நாங்கதான் தின்னல.
எதைத் தின்னு கொழுத்துச்சுன்னு நெனச்சா
சோறு எறங்குமா?"

எத்தனை நாள் என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
"எங்கூட்டுல எட்டு மாசம்.
எங்கண்ணன் இன்னிக்கும் தொடறதில்ல."

கரியை ஆய்வகத்துக்கு அனுப்புவோம்.
முன்னே பின்னே நாற்பது வருஷம் என்று தாள் வரும்.
அந்த எட்டு மாசம் அதற்குள் எந்த இடுக்கில் கிடக்குமோ.
அறிக்கையில் 'தின்னல' என்பதற்கு ஒரு கட்டம் கிடையாது.
இருந்தும் பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்.
பிறகு அழித்தேன். அழித்த இடம் தெரிகிறது.

விரற்கடைக்கு மேலே, வடகிழக்கு மூலையில்
ஒற்றைக் கிழங்கான் முள், கருகியது.
பக்கத்தில் வேறெதுவும் இல்லை.
யாரோ ஒரு ஆள், முதலில்.
மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களா,
முகத்தைத் திருப்பிக்கொண்டார்களா.
அதற்கும் மேலே சரசரவென்று ஆளி, மட்டி, கெளுத்தி,
கணக்கு வைக்கமுடியாமல்.

மதியம் அவள் தூக்கைத் திறந்தாள். சங்கராக் குழம்பு.
எனக்கும் ஒரு துண்டு வைத்தாள்.
குழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றோம்.
"முள்ளை இங்கே போட்டுடாதீங்க,
எண்ணிக்கையில சேந்துடும்" என்றேன்.
சிரித்தாள்.
என் தட்டில் கிடந்ததையும் பொறுக்கி
தூக்கு மூடியில் சேர்த்தாள்,
ஒன்று விடாமல்.