மூன்று புள்ளி ஒன்பது

எங்கள் நாட்டில் ஏழுதான் உச்சம்.
நான்கு வந்தால் பிழைத்தோம்.
எனக்கு மூன்று புள்ளி ஒன்பது.

பேராசிரியர் ஷ்வெங்கே விடைத்தாள்களைக்
கீழிருந்து மேலாக அடுக்கிக்கொண்டு வருவார்.
ஆகக் குறைந்தவள் முதலில் எழுந்து போக வேண்டும்.
பெயரைச் சொல்வார், எண்ணையும் வாசிப்பார்.
என்னைக் கத்ரிலாஃப் என்பார்.
நான் கத்ரிலேயோ.
முதல் வாரம் திருத்தினேன், இரண்டாம் வாரமும்.
மூன்றாம் வாரம்
கத்ரிலாஃப் எழுந்து போய்
என் தாளை வாங்கி வந்தாள்.

மண்ணியக்கவியல்.
திங்களும் வியாழனும் காலை எட்டு மணி,
எட்டாகி ஒரு நிமிடம் என்றால் உள்ளே தாழ்ப்பாள்.
வல்திவியாவில் மே பிறந்தால் மழை,
பாலத்தில் பேருந்து நின்றால் நின்றதுதான்.
சொட்டச் சொட்ட நாலைந்து பேர்
கதவுக் கண்ணாடி வழியாக
அவர் முதுகிடம் பாடம் கேட்டோம்.
தமாரா கண்ணாடியில் ஆவி ஊதி
அவருக்கு ஒரு வால் வரைவாள்.

மண்ணுக்கு அனுதாபம் தெரியாது,
இது அவர் வசனம்.
தமாராவின் அண்ணன்
பன்னிரண்டு வருடம் முன்பு எழுதிய நோட்டிலும்
அதே பாடத்தில் அதே வசனம் இருந்தது,
ஓரத்தில் பென்சிலால்: இங்கே சிரிக்கவும்.

உருண்டு புரண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும்.
ஒட்டுவதற்கும் அவர் ஒரு சமன்பாடு வைத்திருந்தார்.
எனக்கு அது ஒட்டவேயில்லை.

அறைக்கே போய்விட்டேன்,
வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாயோடு.
மேசையில் பாதி கடித்த ஆப்பிள்
பழுப்பேறிக் கிடந்தது.
நான்காம் கேள்வியைக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
சரிதான், இங்கே புள்ளி ஒன்று சேர வேண்டும் என்றார்.
பேனா மூடி திறந்தது.
நான்கு!
தாளைத் திருப்பினார்.
இரண்டாம் கேள்வியில் அலகு எழுதவில்லையே,
கவனிக்காமல் விட்டிருக்கிறேன்,
புள்ளி ஒன்று கழியும்.

நன்றி என்றேன்.
எதற்கடி நன்றி, எதற்கடி நன்றி என்று
மூன்று மாடிப் படிகளும்
என்னை நானே திட்டிக்கொண்டு இறங்கினேன்.

அன்றிரவு விறகடுப்புப் பக்கத்தில்
புத்தகத்தைத் திறந்தேன், படிப்பதற்காக அல்ல.
எங்கேயாவது தப்புவார், அதைப் பிடிக்க.
களிமண், வண்டல், நீரழுத்தம்,
அறுபதாம் வருட நிலநடுக்கத்தில்
இந்த ஊர் எத்தனை தாழ்ந்தது என்ற கணக்கு வரை
கறுவிக் கறுவி மனப்பாடமானது.
அம்மா மட்டும் இரண்டு பேரிடம்
பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்,
பெண் ராத்திரியெல்லாம் படிக்கிறாள் என்று.

நவம்பரில் மாட்டினார்.
கரும்பலகையில் நீரழுத்தத்தைக்
கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டார்.
கை தூக்கினேன்.
நடுங்கிய கையை மறு கையால் தாங்கிக்கொண்டு
சொன்னேன்.
திரும்பிப் பார்த்தார்.
கூட்டல் குறியின் நிமிர்ந்த கோட்டை மட்டும்
கட்டை விரலால் அழித்தார்.
ம், என்றார்.
அடுத்த வரிக்குப் போய்விட்டார்.
கத்ரிலாஃப் என்றுகூடச் சொல்லவில்லை.

நான்கு புள்ளி ஒன்றில் தேறினேன்.
அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று
நான் போய்க் கேட்கவில்லை.

டிசம்பரில் ஆற்றோரச் சந்தை.
மீன்தலைக்காகக் கடற்சிங்கங்கள்
படித்துறையில் குரைத்துக்கொண்டிருந்தன.
எனக்கு முன்னால் ஒரு பழைய மழைக்கோட்டு.
ஒரு கோங்ரியோ மீன், ஒரு கிலோ சிப்பி, கொத்தமல்லி.
மீன்காரம்மா வாய்க்கணக்காகவே கூட்டினாள்.
நானூறு பெசோ அதிகம்.
அவர் தலையாட்டினார்,
தசமத்துக்கு நாக்கைத் தொங்கப்போடும் மனிதர்
சில்லறையை எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.
திரும்பும்போது முழங்கை இடித்தது.
மன்னிக்கணும் செனோரிட்டா என்றார்,
யாரோ ஒரு பெண்ணிடம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பேருந்தில் உட்கார்ந்து
விரல் விட்டுக் கூட்டினேன்,
மீன், சிப்பி, கொத்தமல்லி. நானூறுதான்.
பாலம் வந்தது, மறுபடி கூட்டினேன்.
கொத்தமல்லி ஒரு கட்டா,
இரண்டா?