இது நீங்கள்தானா

காலை ஐந்து நாற்பதுக்குக்
கைபேசி ஒருமுறை அதிரும்.
148, கீழே 94. நாடி 81.
என்னுடைய இரத்தம் அல்ல.
மூன்று வருடமாய் என்னுடையவரும் அல்ல.

கழிவு விலையில் அதை வாங்கியது நான்.
கணக்குத் திறந்தது என் மின்னஞ்சலில்.
பிரிந்தபோது சட்டத்தரணி
கார், கட்டில், கடன், குளிர்பெட்டி எல்லாம் எழுதினார்.
கையைச் சுற்றும் அந்தச் சாம்பல் பட்டியை
யாரும் எழுதவில்லை.
குகதாசன் அதைச் சேட்டுகளுக்கு நடுவில் சுருட்டிக்கொண்டு
பிரம்டனில் ஒரு நிலவறைக்குப் போனார்.
ஒரு கிழமைக்குப் பிறகு ஒரே ஒரு செய்தி:
'பிறஷர் மிசினுக்குப் பாஸ்வேட் என்ன?'
எங்கள் கலியாணத் திகதி.
அனுப்பினேன்.
அவர் மாற்றவில்லை. நானும்.

ஆகவே ஸ்காபரோவில், பதினான்காம் மாடியில்,
எண் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போகிறது.

பனிக்காலத்தில் அவர் உப்பு லொறி ஓட்டுகிறார்.
டொக்டர் உப்பைத் தொடவே வேண்டாம் என்றார்;
இவரோ நானூற்றுப் பத்தாம் பெருந்தெருவுக்கு
தொன் கணக்கில் போடுகிறார்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
பதினொரு வருடம் அந்தக் கறிக்கு உப்பிட்டவள் நான்.
கூடிப்போச்சு என்பார், குறைஞ்சுபோச்சு என்பார்,
சரி என்று ஒருநாளும் சொன்னதில்லை.
இப்போது நினைப்பது யார் என்றால்,
நான்.

மழை விழுந்தபடியே உறைகிற இரவுக்கு 160.
தமையன் லண்டனிலிருந்து காசு கேட்கும்
ஞாயிறுகளுக்கு 155.
ஒரே வீட்டில் இருந்தபோது
முகத்தில் ஒன்றும் பிடிபடாத மனுசன்.

அழித்துவிடலாம். ஒரு தட்டு.
'உனக்கென்ன விசரா' என்கிறாள் தங்கச்சி.
நான் பல் தீட்டுகிறேன், தேத்தண்ணி வைக்கிறேன்,
எண் வந்தபிறகே வேலைக்கு வெளிக்கிடுகிறேன்.

மாசியில் ஒரு வியாழன்:
122, கீழே 78.
சப்பாத்து ஒரு காலில் மட்டும் இருக்க
சுவரில் சாய்ந்து நின்று பார்த்தேன்.
என் வீட்டில் ஒருநாளும்
இறங்காத எண்.
குளிசை மாற்றியிருக்கலாம்.
நடக்கத் தொடங்கியிருக்கலாம்.
சிரித்திருக்கலாம்.

அடுத்த செவ்வாய்
104, கீழே 66.
அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி:
வழக்கத்துக்கு மாறான அளவு. இது நீங்கள்தானா?
ஆம். இல்லை.

மெல்லிய கை.
பட்டி இன்னும் அரைச் சுற்று கூடப் போயிருக்கும்.
'எனக்கும் ஒருக்காப் பாப்பம்' என்று
விளையாட்டுக்கு நீட்டியிருப்பாள்.
இவர் ஒட்டியை இறுக்கி,
கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வைத்து,
'கதைக்காமல் இருங்கோ' என்றிருப்பார்.
பெட்டியில் அப்படித்தான் எழுதியிருந்தது.
வாசித்துக் காட்டியது நான்.

கேள்வி என்னிடம்தான்.
கணக்கு என் பெயரில்.

இல்லை என்று அழுத்தினேன்.
நன்றி என்றது. எண் மறைந்தது.
நல்ல எண் அது.
பாவம், வைத்திருந்திருக்கலாம்.

லோரன்ஸ் பேருந்து போய்விட்டது.
அடுத்ததுக்கு நிற்கையில்
சப்பாத்தடியில் உப்பு நெரிந்தது,
யாரோ இரவில்
போட்டுவிட்டுப் போனது.