ஒன்றேகால்

புந்தா அரேனாஸில் காற்று சீறும் நாட்களில்
தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
ஆட்கள் பிடித்து நடக்க.
அயெலென் பிடிக்கமாட்டாள். ஓடுவாள்.
அது போன வசந்தம்.

இப்போது பிடித்துக்கொள்கிறாள்,
யாரும் சொல்லாமலே.

"வகுப்பில் தங்கமாக இருக்கிறாள்" என்றார் ஓயார்சோ டீச்சர்.
நண்டு ஆலையில், கையுறையைக் கழற்றாமல்
தோளில் போனை இடுக்கிக்கொண்டு
நன்றி என்றேன்.
நன்றியாம்.

சன்னலில் நின்று
ஜலசந்திக் கப்பல்களுக்கெல்லாம் பெயர் சொன்னவள்
நேற்று ஒன்றைக் காட்டி
"அம்மா, அது... அந்த... சிவப்பு" என்றாள்.
பிறகு பரவாயில்லை என்பதுபோல்
என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

எலியாஸ் நாட்காட்டியைக் காட்டுகிறான்:
நாற்பத்தொரு நாள்,
வலிப்புக்கான வட்டம் ஒன்றுகூட இல்லை.
அவன் கண்ணில் இன்னும் அந்த மார்ச் இரவு,
குளியலறைத் தரை, நீலம் பாரித்த உதடு.
அடுப்புக் கடிகாரத்தைப் பார்த்து
நான் நிமிடம் எண்ணினேன்,
ஆறு வரை சத்தமாக.
அதற்குமேல் எனக்குக் குரல் வரவில்லை.

சந்தியாகோ டாக்டர் வர இன்னும் பதினொரு நாள்.
குறைக்கலாமா, மாற்றலாமா,
மளிகைச் சீட்டின் பின்புறம் எழுதிவைத்திருக்கிறேன்.
அதுவரை கை வைக்கக் கூடாது. தெரியும்.

இரவு எட்டு.
ஒன்று முழுசு. இன்னொன்றைப் பிளந்து,
பாதியில் பாதி.
கத்திமுனையில் ஒட்டிய தூள்
கடுகளவுகூட இல்லை.
தட்டிவிடலாமா என்று நிற்கிறேன்,
கொஞ்சம் கூடுதலாகவே நிற்கிறேன்.

விரலை ஈரமாக்கித் தொட்டு நீட்டினேன்.
நக்கிவிட்டு முகம் சுளித்தாள்.
"கசக்குது."
அந்தச் சொல் மட்டும்
தேடாமலே வந்தது.