சேசிஸ் நம்பர் இல்லாத வண்டி

ஏஜெண்டுகள் தேய்த்துத் தரும் தாளை
நான் நம்புவதில்லை.
நானே குனிந்து
வண்டியின் அடிவயிற்றில் காகிதம் வைத்து
பென்சில் தேய்ப்பேன்.
எண் ஒவ்வொன்றாய்க் கறுப்பில் எழும்பும்.
இது இருக்கிறது என்று
அப்புறம்தான் கையெழுத்து.
கந்தம்பட்டி யார்டில் ஒன்பது வருடமாக
பிரேக் இன்ஸ்பெக்டரம்மா.

இரவில் மேசையோடு ஸ்டீயரிங்கை முடுக்கி
ஏற்காட்டு மலையேறுவேன், திரையில்.
ரோடு இருதயராஜ் செய்தது.
எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவன்,
ஞாயிறுதோறும் டேப் பிடித்து நடந்து
இருபது கொண்டை ஊசியையும்
அங்குலம் பிசகாமல் ஏற்றியிருந்தான்.
கைப்பிடிச் சுவரின் வெள்ளைக் கற்களைக்கூட எண்ணி.
மழை பெய்தால் டயர் குளிரும்.
குளிர்ந்தால் வழுக்கும்.
எல்லாம் கணக்கு.

அதற்குள்தான் அவன் அந்தக் காரைக் கொண்டு வந்தான்.
ஏதோ கண்காட்சிக்கென்று வரைந்தது.
யாரும் வார்க்காதது, யாரும் ஏறாதது.
கத்திரிப்பூ நிறம்.
கதவு எங்கேடா என்றால்
முழுசுமே கதவுதான்க்கா என்கிறான்.
எடை எண்ணூற்றுப் பன்னிரண்டு கிலோ என்று போட்டிருந்தது.
எந்த எடைமேடையில் ஏற்றினார்கள்?
ரசீது உண்டா?

'நம்ம ரோட்டுல குரங்கு எங்கக்கா?
ஏழாவது வளைவுல
ஜன்னல் வழியா வாந்தியெடுக்கிற புள்ள எங்க?
கிளட்ச் கருகுற நாத்தம்?
மிளகு மூட்டையோட எதிர்ல வந்து
ஹாரனே அடிக்காத லாரி?
இதுல நீ ஒருநாளாச்சும் பயந்திருக்கியா?'

பதில் இல்லாததால்
டயர் வெப்பத்தைப் பற்றிப் பேசினேன்.
கொஞ்சம் சத்தமாகவே.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்
ஆட்டையாம்பட்டிப் பக்கமிருந்து பாவாயி வந்தாள்.
அவள் ஓட்டி வந்ததற்கு
புல்லட் எஞ்சின், மாருதி ஆக்சில்,
இரும்புக் கட்டிலை அறுத்துச் செய்த சட்டம்.
சக்கரம் மூன்றா நாலா என்று
இரண்டு தரம் எண்ண வேண்டியிருந்தது.
மேலே பதினெட்டு மூட்டை மரவள்ளிக் கிழங்கு,
ஜவ்வரிசி மில்லுக்கு.
சீலநாயக்கன்பட்டியில் போலீஸ் பிடித்துவிட்டதாம்.
பேப்பர் ஒண்ணு போட்டுக் குடுங்க.

குனிந்தேன். தேய்த்தேன்.
எண் எதுவும் வரவில்லை.
வெல்டிங் தழும்பு மட்டும்
சேர்வராயன் மலைவரிசைபோல
மேடும் பள்ளமுமாய்த் தாளில் ஏறியது.

வகை என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினேன்.
சட்டம் அப்படி.

'இல்லாத வண்டியா
இத்தனை கிழங்கத் தூக்கிட்டு வந்துச்சு?'
கோபமாய்க்கூடக் கேட்கவில்லை.
உதைத்துக் கிளப்பினாள்.
கேட்டருகே ஒரு நாய் குறுக்கே ஓட
சட்டென்று நின்றது வண்டி.
நல்ல பிரேக்.
அன்று காலை நான் பாஸ் செய்த
இரண்டு ஸ்கூல் பஸ்ஸைவிட.

ராத்திரி இருதயராஜுக்குப் போன் போட்டு
அந்தக் கத்திரிப்பூவை இறக்கடா என்றேன்.

அடிவாரத்தில் சத்தமே இல்லை அதற்கு.
எஞ்சின் ஒலிக்குப் பதில்
குக்கர் விசில் வருமுன் ஒரு மூச்சு வருமே, அது.
ஒன்பது வரை மரியாதையாய் ஏறியது.
பதினாலாவதில் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போக
நான் நாற்காலியில் எழுந்தே விட்டேன்.
திருப்பி, விட்டு, மறுபடி பிடித்து
உச்சிக்கு வந்தபோது
ஸ்டீயரிங் ரப்பர் ஈரமாயிருந்தது.
உள்ளங்கையை நைட்டியில் துடைத்தேன்.

'இப்பச் சொல்லு. இருக்கா, இல்லியா?'

எந்த வண்டியைக் கேட்கிறாய் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.

மற்ற கார்களின் நேரமெல்லாம்
நோட்டில் பேனாவால் இருக்கின்றன.
இதற்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல்
கைப்பையைத் துழாவினேன்.
பாவாயி வண்டியின் தாள்
இன்னும் கிழிக்காமல் கிடந்தது.
அதைத் திருப்பிப் போட்டு
ஏழு நிமிடம் நாற்பத்தொரு விநாடி என்று
பென்சிலில் எழுதிவைத்தேன்.